பறவைகளை வரைந்த எலிசபெத் கூல்ட்

பட்ஜி என்ற சின்னக் கிளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், முதுகில் கறுப்புக் கோடுகள். சில வீடுகளில் கூட்டில் வைத்து வளர்ப்பார்கள். இன்றைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் பட்ஜி இருக்கு. ஆனால் அதன் சொந்த இடம் எங்கட அவுஸ்திரேலியாதான்.

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு குடும்பம் சிட்னியில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. அவர்களோடு பட்ஜிகளும் போயின. இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த முதல் பட்ஜிகள் அவைதான் என்று சொல்லுவார்கள். அந்தக் குடும்பத்தில் அப்பாவின் பெயர் ஜோன் கூல்ட். அவர் பெரிய பறவை அறிஞர். அவரைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கு. அம்மாவின் பெயர் எலிசபெத். இந்தப் பாடம் அம்மாவைப் பற்றியது.

எலிசபெத் 1804ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி இங்கிலாந்தில் ராம்ஸ்கேற் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் யூனிவர்சிட்டிக்குப் போக முடியாது. ஆனாலும் எலிசபெத் பிரெஞ்சு, லத்தீன், இசை எல்லாம் படித்தார். படம் வரையவும் நன்றாகத் தெரியும். வீட்டில் நாங்கள் "படம் கீறுறது" என்று சொல்லுவோம். புத்தகத்தில் அதை "வரைதல்" என்று எழுதுவோம். இரண்டும் ஒன்றுதான்.

22 வயதில் அவர் லண்டனில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குப் போனார். அங்கே ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கதைக்க ஆள் இல்லை. தனியாக இருக்கிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

அதே நேரம் லண்டனில் ஜோன் கூல்ட் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய அப்பா ஒரு தோட்டக்காரர். ஜோன் இறந்த மிருகங்களையும் பறவைகளையும் பாடம் பண்ணுவதில் கெட்டிக்காரர். இந்தப் "பாடம்" பள்ளிக்கூடப் பாடம் இல்லை! இறந்த உடம்பின் தோலை எடுத்து, பழுதாகாமல் மருந்து போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, உயிருள்ளது போலச் செய்வதுதான் பாடம் பண்ணுதல். மியூசியத்தில் நிற்கிற சிங்கமும் கரடியும் அப்படிச் செய்தவைதான். இங்கிலாந்து ராஜாவுக்கு எகிப்தில் இருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி பரிசாக வந்தது. அது 1829இல் செத்துப் போனது. அதைப் பாடம் பண்ணும் வேலைகூட ஜோனுக்குத்தான் கிடைத்தது.

1829 ஜனவரியில் ஜோனும் எலிசபெத்தும் கல்யாணம் செய்தார்கள். இருவருக்கும் 24 வயது.

அடுத்த வருஷம் இமயமலைப் பக்கம் இருந்து ஒரு பெட்டி நிறையப் பறவைத் தோல்கள் லண்டனுக்கு வந்தன. அவற்றில் பல இங்கிலாந்தில் அதுவரை அறியாத பறவைகள். ஜோன் ஒரு புத்தகம் போட நினைத்தார். நூறு இமயமலைப் பறவைகள், பெரிய பெரிய கலர்ப் படங்கள். அந்தக் காலத்தில் கமரா இல்லை. யாராவது வரைந்தால்தான் படம். ஜோனுக்கு அவ்வளவு நன்றாக வரைய வராது. எலிசபெத்துக்கு வரும்.

ஆனால் தாளில் வரைந்தால் போதாது. ஒரே படத்தை நூற்றுக்கணக்கில் அச்சடிக்க வேணும். அதற்குக் கல்லச்சு என்ற முறையை எலிசபெத் பழகினார். அது எப்படி என்று கேளுங்கோ. மட்டமான சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுக்க வேணும். எண்ணெய்ப் பிடிப்பான கறுப்புப் பென்சிலால் அதில் வரைய வேணும். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைத்து, எண்ணெய் மையைப் பூசுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராது. அதனால் கோடு இருக்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

ஒரு சிக்கல் இருக்கு. கல்லில் வலது பக்கம் பார்க்கிற பறவை தாளில் இடது பக்கம் பார்க்கும். கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் மாறி வரும். அதை நினைத்து நினைத்துத்தான் வரைய வேணும். நான் கொம்பியூட்டர் வேலை செய்கிற ஆள். பிழை விட்டால் ஒரு கீயைத் தட்டித் திருத்திவிடுவேன். எலிசபெத் கல்லைச் சுரண்டித்தான் திருத்த வேணும். இன்னொன்று, அச்சில் கறுப்பு மட்டும்தான் வரும். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆட்கள் இருந்து கையால் கலர் பூசுவார்கள். எந்த இறகுக்கு எந்தக் கலர் என்று காட்ட ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் பூசுவார்கள்.

இந்தக் கல்லச்சு வேலையில் எட்வர்ட் லியர் என்ற இளைஞர் எலிசபெத்துக்கு உதவினார். ஆந்தையும் பூனையும் பச்சை நிறப் படகில் போகிற இங்கிலிஷ் பாட்டு உங்களுக்குத் தெரியும்தானே? பிற்காலத்தில் அதை எழுதியவர் இவர்தான். அவரும் பறவைப் படம் வரைகிறவர்.

இமயமலைப் புத்தகம் 80 பெரிய படங்களோடு வந்தது. எல்லாம் எலிசபெத்தின் கை. அதில் இருந்த ஒரு தேன்சிட்டுக்கு, புத்தகத்துக்குக் குறிப்பு எழுதிய அறிஞர் எலிசபெத்தின் பெயரையே வைத்தார். சிவப்பும் மஞ்சளும் நீலமும் மின்னுகிற வடிவான குருவி அது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத் திருமதி கூல்ட் தேன்சிட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றை யோசியுங்கோ. எலிசபெத் அந்தத் தேன்சிட்டை உயிரோடு பார்த்ததே இல்லை. அவருக்கு முன்னால் இருந்தது காய்ந்த ஒரு தோல். கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு. கால் சுருங்கிப் போயிருக்கும். அலகின் நிறம் மங்கியிருக்கும். உங்கட பின்வளவுக்கு வருகிற லொறிகீற்றை நினைத்துப் பாருங்கோ. அது தலைகீழாகத் தொங்கும், கத்தும், பூவுக்குள் முகத்தை விடும், மற்றக் கிளியோடு சண்டை பிடிக்கும். காய்ந்த தோலைப் பார்த்து இதெல்லாம் எப்படித் தெரியும்?

பிறகு ஐரோப்பாவின் பறவைகள் பற்றிப் பெரிய புத்தகம் வந்தது. அதில் 400க்கு மேற்பட்ட படங்கள். கூடுதலானவை எலிசபெத் செய்தவை. 1837இல் சார்ல்ஸ் டார்வின் என்ற இளம் விஞ்ஞானி, கலபகோஸ் தீவுகளில் சேகரித்த பறவைகளை ஜோனிடம் கொடுத்தார். ஜோன் அவற்றைப் பார்த்து, அலகு பலவிதமாக இருந்தாலும் இவை எல்லாம் ஃபிஞ்ச் என்ற ஒரே கூட்டத்துக் குருவிகள்தான் என்று கண்டுபிடித்தார். உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று டார்வின் யோசிக்க அது உதவியது. டார்வினின் பறவைப் புத்தகத்தில் 50 படங்கள் இருக்கு. அவற்றையும் செய்தது எலிசபெத்தான். இதற்கு இடையில் அவருக்குப் பிள்ளைகளும் பிறந்தார்கள். இரண்டு பிள்ளைகள் குழந்தையிலேயே இறந்து போனார்கள். நாலு பேர் வளர்ந்தார்கள்.

எலிசபெத்தின் சகோதரர்கள் சார்ல்ஸ், ஸ்டீபன் இருவரும் நியூ சவுத் வேல்ஸுக்கு வந்து குடியேறியிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பறவைத் தோல்களைப் பார்த்து ஜோன் அவுஸ்திரேலியப் பறவைகள் பற்றி எழுதத் தொடங்கினார். ஆனால் தோலை மட்டும் பார்த்து எழுதினால் காணாது என்று அவருக்கு விளங்கியது. அங்கேயே போக வேணும். எலிசபெத்தும் வர வேணும்.

போனால் இரண்டு வருஷம் ஆகும். சின்னப் பிள்ளைகளைக் கப்பலில் கொண்டுபோவது ஆபத்து. என்ன செய்யிறது? மூத்த மகன் ஹென்றிக்கு ஏழு வயது. அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடிவெடுத்தார்கள். மற்ற மூன்று பேரையும் எலிசபெத்தின் அம்மாவிடம், அதாவது அம்மம்மாவிடம் விட்டார்கள். சார்ல்ஸுக்கு இன்னும் நாலு வயது ஆகவில்லை. எலைசா அவனை விடச் சின்னவள். லூயிசா கைக்குழந்தை.

எனக்கு இந்த இடத்தை வாசிக்க ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். எனக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கு.

1838 மே மாதம் கப்பல் புறப்பட்டது. நாலு மாதம் கடலில். செப்டெம்பரில் தஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்கு வந்தார்கள். அப்போது அந்தத் தீவுக்கு ஆளுநராக இருந்தவர் சேர் ஜோன் பிராங்க்ளின். அவருடைய மனைவி ஜேன் எலிசபெத்தோடு அன்பாகப் பழகினார். ஜோன் காடு, தீவு என்று பறவை தேடிப் போன நாட்களில் எலிசபெத் ஆளுநரின் வீட்டில் தங்கி வரைந்தார்.

இப்போது அவருக்கு முன்னால் இருந்தது பழைய தோல் இல்லை. சில பறவைகள் அன்றைக்குத்தான் பிடிபட்டவை. சில உயிரோடு இருந்தன. கண்ணின் நிறம் என்ன, காலின் நிறம் என்ன என்று மங்குவதற்கு முதலே பார்த்து வரைந்தார். பறவை இருக்கிற மரக்கிளையையும் பூவையும் இலையையும் வரைந்தார். யூகலிப்டஸ் இலை எப்படித் தொங்கும் என்று லண்டனில் இருந்துகொண்டு வரைய முடியுமா?

இன்னொரு விஷயமும் சொல்ல வேணும். இன்றைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலரும் கமராவும் கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் துப்பாக்கி கொண்டு போனார்கள். ஜோன் நூற்றுக்கணக்கான பறவைகளைச் சுட்டார், கூடுகளையும் முட்டைகளையும் எடுத்தார். தன் கணவர் பறவைக் கூட்டத்துக்குப் பெரிய எதிரி என்று எலிசபெத் அம்மாவுக்குக் கடிதத்தில் பகிடியாக எழுதினார். பகிடிதான். ஆனால் முழுக்கப் பகிடி என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதங்களில் அவர் அடிக்கடி கேட்டது பிள்ளைகளைப் பற்றித்தான். இப்போது நாங்கள் அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்கிறோம். அன்றைக்குக் கடிதம் கப்பலில் போய்ச் சேர நாலு மாதம். பதில் வர இன்னும் நாலு மாதம். லூயிசாவுக்குப் பல் முளைத்ததா என்று கேட்டால், பதில் வரும்போது அவள் ஓடித் திரிவாள்.

1839 மே மாதம் ஹோபார்ட்டில் எலிசபெத்துக்கு ஒரு மகன் பிறந்தான். ஆளுநரின் பெயரையே வைத்து அவனை பிராங்க்ளின் என்று கூப்பிட்டார்கள். சில மாதத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு எல்லாரும் கப்பலில் சிட்னிக்கு வந்தார்கள். அங்கிருந்து வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். ஸ்கோன் ஊருக்குப் பக்கத்தில் யரன்டி என்ற இடத்தில் ஸ்டீபனின் பண்ணை இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு எலிசபெத் தன் சகோதரனைக் கண்டார். அங்கேயும் வரைந்தார்.

யரன்டியில் இருந்து ஜோன் இன்னும் உள்ளே, லிவர்பூல் சமவெளிக்குப் போனார். வழி தெரியாத இடம். தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தப் பறவை எந்த மரத்தில் இருக்கும் என்று வெளியில் இருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? அந்த மண்ணின் பூர்வீக மக்களுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் ஜோனோடு போனார்கள். நட்டி, ஜெம்மி என்று ஜோன் தன் புத்தகத்தில் அவர்களுடைய பெயரை எழுதினார். அவை இங்கிலிஷ்காரர் கூப்பிட்ட பெயர்கள். அவர்களின் சொந்த மொழியில் அவர்களுக்கு என்ன பெயர் என்று அதில் இல்லை.

இப்போது ஆப்பிரிக்காவில் கென்யா, உகண்டா போன்ற நாடுகளுக்குப் பறவை பார்க்க சஃபாரி போகிறவர்கள் அந்த ஊர் வழிகாட்டி ஒருவரோடுதான் போவார்கள். சத்தத்தை வைத்தே அது எந்தப் பறவை என்று அவர் சொல்லுவார். நட்டியும் ஜெம்மியும் செய்ததும் இப்படியான வேலைதான். அந்தப் பயணத்தில் ஜோன் பட்ஜிகளைக் கூட்டம் கூட்டமாகக் கண்டார்.

1840 ஆகஸ்டில் குடும்பம் லண்டனுக்குத் திரும்பியது. அம்மம்மாவிடம் விட்ட மூன்று பிள்ளைகளையும் எலிசபெத் கண்டார். கைக்குழந்தையாக விட்ட லூயிசாவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது.

ஓய்வு இல்லை. அவுஸ்திரேலியப் பறவைகள் புத்தகத்தின் முதல் பகுதி அந்த டிசெம்பரிலேயே வந்தது. எலிசபெத் அதற்கு 84 படங்களைக் கல்லில் வரைந்து முடித்தார். இன்னும் 500க்கு மேல் இருந்தன. 1841இல் அவருக்கு எட்டாவது பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு எலிசபெத்துக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. நிறையத் தாய்மார் அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதி எலிசபெத்தும் இறந்தார். வயது 37. அவுஸ்திரேலியாவில் இருந்து திரும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பதினொரு வருஷத்தில் அவர் 600க்கு மேற்பட்ட படங்கள் செய்திருந்தார்.

மிச்ச வேலையை ஹென்றி ரிக்டர் என்ற ஓவியர் செய்தார். எலிசபெத் இங்கே வரைந்து கொண்டுபோன படங்கள் பலவற்றைப் பார்த்துத்தான் அவர் கல்லில் வரைந்தார். 1848இல் ஏழு பாகமும் முடிந்தது. மொத்தம் 600 படங்கள். புத்தகத்தின் முகப்பில் ஜோனின் பெயர். எல்லாரும் அதை ஜோன் கூல்டின் புத்தகம் என்றுதான் சொல்கிறார்கள். 1909இல் மெல்பேணில் பறவைகளைக் காப்பாற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கியபோதும் ஜோனை நினைத்துத்தான் அதற்கு கூல்ட் லீக் என்று பெயர் வைத்தார்கள். முட்டை எடுக்க மாட்டோம், பறவைகளுக்குத் தீங்கு செய்ய மாட்டோம் என்று பிள்ளைகள் அதில் உறுதி சொல்லுவார்கள். முட்டை எடுத்தவரின் பெயரில் இப்படி ஒரு சங்கம்!

ஜோன் நியாயம் இல்லாத ஆள் என்று நினைக்க வேண்டாம். அவர் பிறகு கல்யாணம் செய்யவில்லை. 1844இல் அவுஸ்திரேலியாவின் வடக்கில் இருந்து வேறு ஆட்கள் அனுப்பிய ஒரு குருவியை அவர் பார்த்தார். பச்சை முதுகு, ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு. முகம் சிலதுக்குக் கறுப்பு, சிலதுக்குச் சிவப்பு. மஞ்சள் முகமும் இருக்கு, ஆனால் குறைவு. இவ்வளவு நிறமும் ஒரு சின்னக் குருவியில்! அதற்கு மனைவியின் நினைவாகப் பெயர் வைத்தார். அதுதான் கூல்டியன் ஃபிஞ்ச். எலிசபெத் அந்தக் குருவியைப் பார்த்ததே இல்லை.

எலிசபெத் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்த சார்ல்ஸ் பெரியவனானதும் என்ன செய்தான் தெரியுமா? பாறைகளைப் பற்றிப் படித்தான். 1859இல் அரசாங்க வேலையாகத் தஸ்மேனியாவுக்கு வந்தான், அம்மா தங்கியிருந்த அதே தீவுக்கு. அங்கே மேற்குப் பக்க மலைகளுக்கு விஞ்ஞானிகளின் பெயர்களை வைத்தான். அதில் ஒன்று டார்வின் மலை.

கூல்டியன் ஃபிஞ்ச் இப்போது அழிந்து போகும் ஆபத்தில் இருக்கு. அது புல் விதை சாப்பிடுகிற குருவி. பெரிய தீ வந்தால் புல் போய்விடும். கூடு வைக்கப் பழைய மரத்தில் பொந்தும் வேணும். ஒரு காலத்தில் ஆட்கள் கூட்டில் வளர்க்கவும் நிறையப் பிடித்தார்கள். சிட்னியிலும் மெல்பேணிலும் அதைக் காட்டில் பார்க்க முடியாது. வடக்கே கத்ரின், குனனரா பக்கம் போக வேணும். மழை இல்லாத மாதங்களில் வழிகாட்டிகள் விடிய முதலே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்தில் இருத்துவார்கள். கதைக்கக் கூடாது, அசையக் கூடாது. காய்ந்த விதை சாப்பிடுகிற குருவிக்குத் தண்ணீர் கட்டாயம் வேணும். வெளிச்சம் வந்ததும் அவை இறங்கி வரும்.

வடக்கே போக முடியாவிட்டால் நூலகத்துக்குப் போகலாம். கூல்ட் புத்தகத்தின் படங்களை இணையத்திலும் பார்க்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழேயும் வரைந்தவர் பெயர் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். ஜே என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சில படங்களில் ஈ என்ற எழுத்தும் இருக்கு. பெரிதாக்கித் தேடிப் பாருங்கோ.